மெல்லும்போது ஆடும் எண்கள்

மார்ச் 3, திங்கள்

எதிர்வீட்டுக்காரி இன்றும் வாயைக் கிளறினாள். "உங்க பேத்தி அப்படி என்னதான் வேலை பாக்குறா?" கார் ஓட்டுகிறவருக்கு முன்னால் இருக்குமே திரை, அதில் வெளிச்சத்தைக் குறைக்கிற வேலை என்றேன். "குறைக்கறதுக்கா அவ்வளவு படிப்பு? அணைச்சுட்டாப் போச்சே!" என்கிறாள். அவள் மகன் தண்ணீர்த் தொட்டி விற்கிறான். அதைப் பற்றி நான் என்றைக்காவது ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா? இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன், அவ்வளவுதான்.

மார்ச் 4, செவ்வாய்

பேத்தியிடமே கேட்டுவிட்டேன். மைக்ரோ எல்.இ.டி. என்றாள். ஒவ்வொரு விளக்கும் மணல் துகளைவிடச் சின்னதாம்.

"மின்சாரத்தைக் கொறச்சுக் குடுத்தா அதுக்குச் சோம்பல் வந்துடும் பாட்டி. குடுத்ததுல பாதி வீணாப் போகும், நிறமும் மாறும். அதனால முழுசாக் குடுத்துச் சட்டுனு நிறுத்திடுவோம். நொடிக்கு நூறு தடவை எரிஞ்சு எரிஞ்சு அணையும். கண்ணுக்கு அது மங்கலா எரியற மாதிரி தெரியும்."

அதாவது, கண்ணை ஏமாற்றுகிற வேலை. எதிர்வீட்டுக்காரியிடம் இதை இப்படிச் சொல்ல முடியாது.

மார்ச் 6, வியாழன்

இன்று நான் ஆபீசுக்குப் போனேன். எழுபது தாண்டிய பத்துப் பேர் திரையைப் பார்த்துக் கருத்து எழுத வேண்டுமாம். பேத்தியின் மேலாளரை நான் 'டை' என்று வைத்திருக்கிறேன். கழுத்தில் அது இல்லாமல் அவரைப் பார்த்தவர் இல்லை. இருட்டு அறை, மங்கலாக ஒரு திரை, அதில் 62 என்று வேகம். "ஆட்டம் தெரிகிறதா?" என்று படிவத்தில் ஒரே கேள்வி. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் உட்கார்ந்ததும் தூங்கிவிட்டார். எழுப்பிக் கேட்டதற்கு "மிக நன்று" என்று எழுதினார்.

என் முறை வந்தபோது டீயோடு கொடுத்த ரஸ்க் வாயில் இருந்தது. கடக் என்று கடித்தேன். 62 குதித்தது! மெல்லுவதை நிறுத்தினேன், நின்றது. மறுபடி மென்றேன், மறுபடி குதித்தது.

"ஆட்டம் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பேத்தி செய்த பொருள். வேறென்ன எழுதுவது?

மார்ச் 7, வெள்ளி

என் கண்ணில்தான் கோளாறு என்று வைத்துக்கொள்வோம். ஆனால் கண் ஆபரேஷன் செய்து லென்ஸ் வைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லையே?

மார்ச் 9, ஞாயிறு

தாங்க முடியவில்லை. பேத்தி மாதிரித் திரையை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். சொல்லிவிட்டேன். சிரித்துக்கொண்டே ஒரு ரஸ்க்கை எடுத்துக் கடித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"ஆடுது பாட்டி. மெல்லும்போது தலை அதிருது இல்ல, அந்த அதிர்வுல விளக்கு அணையற இடைவெளி கண்ணுக்குத் தெரிஞ்சுடுது. ஒருத்தர் எதையாவது கொறிச்சுக்கிட்டே ஓட்டினா வேகம் எவ்வளவுனு படிக்கவே முடியாது." மிச்ச ரஸ்க்கைத் தட்டில் வைத்தாள். "அன்னிக்கே ஏன் எழுதல?"

"நீ பண்ணினதாச்சேன்னு—"

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மார்ச் 11, செவ்வாய்

வெள்ளிக்கிழமை கார் கம்பெனிக்காரர்கள் திரையை வாங்க வருகிறார்கள். அது நடந்தால் இவள்தான் குழுவுக்குத் தலைவி. ஆனாலும் டையிடம் போய், சரிசெய்யாமல் காட்டக்கூடாது என்று சொல்லியிருக்கிறாள். அவர் சொன்னாராம்: "பத்துப் பேரும் நல்லா இருக்குன்னு எழுதியிருக்காங்க. அதுல ஒருத்தர் உங்க சொந்தப் பாட்டி! 'ஓட்டும்போது மெல்லாதீர்கள்'னு கையேட்டுல ஒரு வரி போட்டாத் தீந்தது." வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு அவள் வர வேண்டாமாம்.

என் கையெழுத்தைக் காட்டி என் பேத்தியையே உட்கார வைக்கிறானே! ஐயோ, நானே எடுத்துக் கொடுத்திருக்கேனே, என் கையாலயே. அஞ்சாம் கிளாஸ் வரைக்கும் படிச்சவளுக்கு எதுக்குடி இந்தப் பொய்?

மார்ச் 13, வியாழன்

யாரிடமும் சொல்லாமல் ஆபீசுக்குப் போய், நான் எழுதியதை மாற்ற வேண்டும் என்று டையிடம் சொன்னேன்.

"பாட்டிம்மா, எழுதினதை மாத்த ஏழு நாள்தான் டைம்."

"இன்னிக்குத்தான் தம்பி ஏழாவது நாள்."

விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். அதற்கும் ஒரு படிவம் இருந்தது. காரணம் என்ற இடத்தில் "பேத்தி மேல் பாசம்" என்று எழுதினேன்.

"அப்படி ஒரு காரணம் லிஸ்ட்லயே இல்லையே!"

"இனிமே சேத்துக்குங்க."

கையோடு கொண்டுபோன ரஸ்க்கை நீட்டி, "ஒரு கடி கடிச்சுத் திரையைப் பாருங்க தம்பி" என்றேன். மறுக்க வழியில்லை, பக்கத்தில் நாலு பேர் நின்றிருந்தார்கள். மனிதர் வாயில் போட்டார். திரையைப் பார்த்தபடியே, மெல்லாமல், முழுசாக விழுங்கினார். புரை ஏறிக் கண் கலங்க, "எனக்கு ஒண்ணும் ஆடல" என்றார்.

இருந்தாலும் சீல் குத்தி வாங்கிக்கொண்டார். சீல் விழுந்த காகிதத்தைக் கோப்பிலிருந்து எடுக்க அந்த ஆபீசில் யாருக்கும் தைரியம் கிடையாது.

மார்ச் 14, வெள்ளி

வந்தவர்களில் ஒரு அம்மாள் கோப்பு முழுவதையும் புரட்டினாராம். ரஸ்க் கேட்டாராம். மென்றாராம். சரிசெய்துவிட்டுக் கூப்பிடுங்கள் என்று கிளம்பிவிட்டார்கள்.

பேத்திக்குப் பதவி இல்லை. டையின் அறிக்கையில் "முதியவர் ஒருவரின் அளவுக்கு மீறிய மெல்லுதல்" என்று இருக்கிறதாம். திரையைச் சரிசெய்கிற வேலை மட்டும் இவள் தலையில்.

மார்ச் 15, சனி

எதிர்வீட்டுக்காரி விசாரித்தாள். தலைவலி என்று உள்ளே வந்துவிட்டேன்.

மே 22, வியாழன்

மறுபடி சோதனை. விளக்கு ஒரே வீச்சாக எரிந்த நேரத்தைப் பதினாறு துண்டாக நறுக்கிப் பரப்பியிருக்கிறாள், அணைகிற இடைவெளி கண்ணுக்குச் சிக்காமல் இருக்க. மொத்தத்தில் எரிகிற நேரம் அதேதான், மின்சாரமும் கூடவில்லையாம். படிவத்தில் "மெல்லும்போது" என்று புதிதாக ஒரு கட்டம். பல் இல்லாத காரணத்தால் தபால்காரரைச் சேர்க்கவில்லை.

ஒவ்வொரு படியாக வெளிச்சத்தைக் குறைத்தார்கள். மென்றேன், மென்றேன், 62 கல்லு மாதிரி நின்றது. கடைசிப் படி, எல்லாவற்றிலும் மங்கலானது. அங்கே லேசாக ஒரு துள்ளல். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பேத்தி நின்றிருந்தாள். இரண்டு மாதத்தில் பாதியாக இளைத்திருக்கிறாள்.

"கடைசிப் படியில் ஆடுகிறது" என்று எழுதி முழுப் பெயரோடு கையெழுத்துப் போட்டேன்.

உள்ளே வந்து படித்தாள். என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "எந்த எண் பாட்டி?" என்றாள்.

"ரெண்டு. அதோட வால்."

குனிந்து பார்க்க ஆரம்பித்தாள்.