டேப்லெட்டுக்கு ஒரு லேபிள்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தையல் மிஷினை மிதிப்பதைக் குறைத்தீர்களா, இல்லை அம்மாவை ஏமாற்றுகிறீர்களா?

இங்கே யாரிடமும் நோட்டே கிடையாது. கல்லூரியே எல்லாருக்கும் ஒரே மாதிரி கறுப்பு டேப்லெட் கொடுத்திருக்கிறது. கோழி கிளறிய மாதிரி இருக்கும் என் எழுத்தைக்கூட அது அச்செழுத்தாக்கிவிடும். அதனால்தான் போன வாரம் பக்கத்து இருக்கைக்காரியின் டேப்லெட்டை மாற்றி எடுத்து வந்து, அவள் குறிப்புகளையே என்னுடையவை என்று படித்துத் தேர்வும் எழுதிவிட்டேன். பயப்படாதீர்கள், பாஸ்தான். "என்னோடதைப் படிச்சு என்னைவிட அதிகமா வாங்கிட்டியேடி!" என்று அவள் சிரித்தாள்.

நானும் சிரித்தேன். அறைக்கு வந்ததும் உங்கள் நினைவுதான். சட்டைக்கு அளவெடுப்பதுபோல இன்ச் டேப்பால் என் நோட்டுகளை அளந்து பிரவுன் அட்டை போடுவீர்கள். லேபிளில் உங்கள் கையெழுத்தைப் பார்த்தாலே அது என் நோட்டு என்று வகுப்புக்கே தெரியும்.

ஒரே ஒரு லேபிள் எழுதி அனுப்புங்கள் அப்பா, டேப்லெட்டின் முதுகில் ஒட்டிக்கொள்கிறேன். என் பெயரை முழுதாக எழுதுங்கள். பள்ளி என்று போட்டிருக்கும் இடத்தில் நம் வீட்டு விலாசத்தை எழுதிவிடுங்கள். வகுப்புக்கு நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்