மேஹாமில் இறங்கிய இரண்டு விமானங்கள்

நாரந்தனை,
10.01.1989

அன்புள்ள அம்பிகை,

இங்கே யாவரும் சுகம். நீ நோர்வே போய் மூன்று வருடமாகியும் ஒரு படம்கூட அனுப்பவில்லை. அந்தக் கோபத்தை இந்தக் கடிதத்துக்காக மட்டும் ஒதுக்கி வைக்கிறேன்.

எனக்குக் கலியாணம் பேசுகிறார்கள். பெயர் பரராசசிங்கம். வாட்சோ என்ற ஊரில் மீன் தொழிற்சாலை வேலை. படம் இத்துடன். பள்ளிக்கூட அற்லசில் பார்த்தேன். உன் ஹம்மர்பெஸ்டும் அந்த ஊரும் நோர்வேயின் உச்சியில் பக்கத்தில் பக்கத்தில்தான் கிடக்கின்றன. ஒருக்காப் போய்ப் பார்த்து எழுதுவாயா? உத்தியோகம், குடும்பமெல்லாம் அப்பா விசாரித்துவிட்டார். ஆள் கோபக்காரரா என்பது மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். எங்கள் வீட்டில் அம்மா பட்டதை நீ பார்த்தவள்தானே.

உன் பதிலைப் பார்த்திருக்கும்,
பூசணி

ஹம்மர்பெஸ்ட்,
19.02.1989

என் அன்புப் பூசணிக்கு,

பக்கத்தில் என்றா எழுதினாய்? நேரே பறந்தால் நூற்றைம்பது மைல், ஒரு மணித்தியாலமும் ஆகாது. ஆனால் இங்கத்தைய சின்ன விமானம் ஊர்காவற்றுறை பஸ் மாதிரி, ஊருக்கு ஊர் நின்று போகும். வருவதாக அவருக்கு எழுதிவிட்டுப் புறப்பட்டேன். பாதி வழியில் பனிப்புயல். மேஹாம் என்ற மீன்பிடிக் கிராமத்தில் எங்களை இறக்கிவிட்டு, இனி நாளைக்குத்தான் என்றார்கள்.

அந்தச் சின்ன மண்டபத்தில் ஒரு தமிழ் முகம். நீ அனுப்பிய படத்தில் இருந்த அதே முகம்! என்னை அலைக்கழிக்கக் கூடாதென்று அவரே எங்கள் வீட்டுக்குப் புறப்பட்டாராம். அவருடைய விமானமும் அங்கேயே இறங்கிவிட்டது. இந்தக் கதையெல்லாம் பிறகுதான் தெரிந்தது; அப்போதைக்கு அவரைத் தெரியாதவள் மாதிரி இருந்துவிட்டேன்.

சனம் எல்லாம் விமானக்காரரோடு சண்டை. ஒரு கிழவர் தடுமாறி உன் மாப்பிள்ளையின் புதுக் கோட்டில் கோப்பியை ஊற்றிவிட்டார். இவரோ சிரித்துக்கொண்டு கிழவரைக் கதிரையில் இருத்தினார். எங்களுக்கென்று கட்டிவந்த புட்டையும் மீன்குழம்பையும் அவிழ்த்துப் பசித்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"அக்கா எங்கை போறியள்?"

"வாட்சோவுக்கு, ஒரு மாப்பிள்ளை பாக்க. பரராசசிங்கம் எண்டு ஒராள். தெரியுமோ?"

வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டார். "ஓம், தெரியும். நல்லாச் சமைப்பான். பாடத் தொடங்கினால் ஆரும் கிட்ட இருக்கேலாது."

"கோபக்காரரோ?"

"கோபம் வரும் அக்கா. வந்தால் வெளியிலை இறங்கி நடப்பான். இந்தக் குளிருக்குக் கனநேரம் நடக்கேலாது."

கொஞ்சம் பொறுத்து, "அந்தப் பிள்ளை எப்பிடி?" என்றார்.

"அவள் கோபக்காரிதான்" என்றேன். பொய் சொல்ல ஏலவில்லை, பூசணி. அதற்குப் பிறகு இருவராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

முடிவு உன்னுடையது.

என்றும் உன்,
அம்பிகை

நாரந்தனை,
21.03.1989

அடி அம்பிகை,

என்னைக் கோபக்காரி என்று சொல்லத்தான் விமானம் ஏறினாயா? நேரில் வந்து பேசிக்கொள்கிறேன்.

நேற்று அப்பாவிடம் நானே சம்மதம் சொன்னேன். "ஆரைக் கேட்டு முடிவெடுத்தனி?" என்று கத்தினார். "கட்டப்போறது நான்தானே அப்பா" என்றேன். கதிரையில் போய் இருந்தார். பிறகு, "அவ்வளவு தூரம் போகப் பயமில்லையோ?" என்று மெல்லக் கேட்டார். "தூரமோ? அங்கையிருந்து அம்பிகை வீடு ஒரு மணித்தியாலமும் இல்லை" என்றேன்.

அப்பா சேர்ட்டை மாற்றிக்கொண்டு, வாட்சோவுக்குத் தந்தி கொடுக்க ஊர்காவற்றுறைக்குச் சைக்கிளை எடுத்தார். குசினிக்குள் அம்மா வாய்விட்டுச் சிரித்தது வாசல் படலைவரை கேட்டது.

உன்னிடம் வரப்போகும்,
பூசணி