உன் அப்பாவின் சவரக்கத்தி

மச்சான்,

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். இந்த வயதில், வீட்டில் ஆளில்லாத நேரம் பார்த்து, உன் அப்பாவின் சவரக்கத்தியை விரித்து அதில் என் மூஞ்சியைப் பார்த்துக்கொள்கிறேன். இன்று காலை என் பெண்டாட்டி கண்டுபிடித்துவிட்டாள். "புது மாப்பிள்ளைனு நெனப்பு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அழகு பார்க்கவில்லை மச்சான், நான் ஏற்றிய பளபளப்பைப் பார்த்தேன். நீ போன பிறகு உன் மகள்தான் இதை என்னிடம் கொடுத்தாள். விளக்கெண்ணெய் வாசம் இன்னும் அடிக்கிறது.

உலகச் சண்டை நடந்த காலம் அது. கடையில் பிளேடு கிடைக்காது. மகள் கல்யாணப் பந்தியிலேயே மாரண்டஹள்ளிச் சம்பந்தியோடு முறைத்துக்கொண்டு, அவராக வந்து கூப்பிடும்வரை தாடி எடுக்க மாட்டேன் என்று இரண்டு வருஷம் வளர்த்தாய். பேரன் பிறந்ததும் அவரே ஆள் அனுப்பினார். மறுநாள் காலை பஸ். தாடியோடு போனால் உன் கோபம் தீரவில்லை என்று ஆகிவிடும். சவரம் செய்பவரோ கம்பைநல்லூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அப்போதுதான் பரணிலிருந்து இதை எடுத்து வந்தாய். முழுக்கத் துரு.

"இது கத்தியாடா, இல்ல உங்கப்பா மண்ணுல நட்டு மொளைக்காம போனதா?"

"வாய மூடிட்டு தீட்டு. ஊரு அருவாளெல்லாம் நீதான தீட்டற?"

செங்கல் தூளும் விளக்கெண்ணெயும் போட்டு மதியம் வரை துணியால் தேய்த்தேன். துரு போனது. பிறகு அருவாளைத் தீட்டுகிற மாதிரியே கத்தியின் முதுகைத் தூக்கிப் பிடித்துக் கல்லில் தீட்டினேன். கை மயிர்கூட அறவில்லை.

"தாடியோடயே போறேன், வுடு. வாசல்லயே நிறுத்திட்டா பேரன எட்ட நின்னு பாத்துட்டு வர்றேன்" என்றாய்.

அந்தக் குரல் உனக்குப் பொருந்தவே இல்லை. கத்தியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். முதுகின் இரண்டு பக்கமும் தேய்ந்து தட்டையாக இருந்தது. அப்படியானால் உன் அப்பா இதைப் படுக்கவைத்தே தீட்டியிருக்கிறார். நானும் படுக்கவைத்தேன். முதுகும் வாயும் சேர்ந்து கல்லில் படிய, அழுத்தாமல், மெல்ல. பிறகு மாட்டுக் கழுத்துத் தோல்வாரை நீ இழுத்துப் பிடிக்க, அதிலும் தீட்டினேன். பொழுது சாய்வதற்குள் கை மயிர் தொட்டதும் விழுந்தது. மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான்; கத்தி முதுகைப் படித்துவிட்டேன். அந்தப் பெருமையை இன்னும் வைத்திருக்கிறேன், யாருக்கும் பங்கு கிடையாது.

கன்னத்தில் ஒரு கீறல் இல்லாமல் தாடி வழிந்து இறங்கியது. "டேய், கத்தி வெச்சதே தெரியலடா" என்றாய். நான் சும்மா இருந்திருக்கலாம். "சம்பந்தியம்மா உன்னத்தான் மாப்ளனு நெனச்சுக்கப் போறாங்க" என்றேன். நீ சிரித்தாய். பாதி மீசை போனது. மீதியையும் எடுத்துவிட்டோம்.

மறுநாள் நானும் கூட வந்தேன். தாய் தகப்பன் செத்தால்தான் நம் பக்கம் மீசையை எடுப்பார்கள். உன்னை வாசலில் பார்த்ததும் சம்பந்தி ஓடிவந்து கட்டிக்கொண்டார். சேதி சொல்லியனுப்பவில்லையே என்றுகூடக் கேட்கவில்லை. உன் மகள் முதல் எல்லாப் பெண்களும் அழத் தொடங்கினார்கள். உன் ஆத்தா அந்நேரம் காரிமங்கலம் சந்தையில் மிளகாய் வாங்கிக்கொண்டிருந்தது. அதை நாம் சொல்லி முடிப்பதற்குள் கோடித் துணி எடுக்க ஆள் போய்விட்டது.