இரண்டாவது றிமோட்

3 செப்டம்பர் 2025, புதன்

சோபனா ரீச்சர் இந்தக் கொப்பியைத் தந்தா. "ஒரு நாளைக்கு ஒரு வரியாவது எழுதுங்கோ ஐயா. ஒருத்தருக்கும் காட்டத் தேவையில்லை" என்றா. வாசிகசாலை வகுப்பில் நாங்கள் ஆறு பேர். நான்தான் மூத்தவன், எழுபத்திரண்டு. எழுத்தெல்லாம் பிடிபட எட்டு மாதம் சென்றது.

இவ்வளவும் எழுதுவதற்குள் தேத்தண்ணி ஆறிவிட்டது. பரவாயில்லை.

இராசதுரை. இராசதுரை. என் பெயர் பார்க்க நல்ல வடிவாக இருக்கிறது.

5 செப்டம்பர், வெள்ளி

டொக்யாட் வீதியில் நடந்து பலகை எல்லாம் வாசித்தேன். 'மீன் வெட்டித் தரப்படும்.' 'வீடு வாடகைக்கு.' ஒரு கேற்றில் 'நாய் கவனம்' என்று இருக்கிறது. முப்பது வருடமாக அந்தக் கேற்றைத் தாண்டித்தான் துறைமுகத்துக்கு வேலைக்குப் போனேன். இன்றைக்குத்தான் எனக்கு அறிவித்தார்கள். எட்டிப் பார்த்தேன். நாயைக் காணவில்லை. ஊருக்குள் திரிகிற மான்களில் இரண்டு முற்றத்தில் படுத்திருந்தன.

இதைச் சொல்லிச் சிரிக்க வீட்டில் ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

பின்னேரம் சிவப்பு வெள்ளைக் கேம் பெட்டியை ரீவியில் கொழுவி விளையாடினேன். பெட்டிக்குள்ளேயே இருக்கிற ஆட்டங்களில் நான் எப்போதும் இரண்டு பேர் ஆடுகிறதைத்தான் எடுப்பேன். என் ஆள் ஓடுவான், பாய்வான். இரண்டாவது ஆள் நின்ற இடத்திலேயே நிற்பான். முதல் குண்டில் செத்துப்போவான். ஒவ்வொரு நாளும் அவனைச் சாகக் கொடுக்கிறேன்.

6 செப்டம்பர், சனி

சோறு, கருவாடு. ஒருவரும் வரவில்லை.

8 செப்டம்பர், திங்கள்

பெட்டிகளைப் பற்றி ஒழுங்காக எழுதவேண்டும்.

தொண்ணூற்று மூன்றில், நான் இறங்குதுறையில் மூட்டை தூக்குகிற காலம், ஒரு கப்பலின் சமையற்காரன் எனக்கு முதலாவது கேம் பெட்டியை விற்றான். ஆளுக்கொன்று பிடித்து ஆட இரண்டு றிமோட், பத்துக் கசெட். பிறகு வந்த கப்பல்களில் இன்னும் கசெட் வாங்கினேன். அதை வைத்துக்கொண்டு வீட்டு முன்னறையில் ரீவி கேம் கடை போட்டேன். பெடியன்கள் விழுந்தடித்துக்கொண்டு வந்தார்கள். முனாப், இராகுலன், றிகாஸ் — பள்ளிக்கூடம் விட்டால் நேரே எங்கள் வீடுதான்.

எனக்கு ஏன் அது அவ்வளவு பிடித்தது? இப்போதுதான் எழுத முடிகிறது. கசெட்டில் இருந்தது எல்லாம் யப்பான் எழுத்து. டொக்டரின் மகனாலும் வாசிக்க ஏலாது, என்னாலும் ஏலாது. திருகோணமலையில் அந்த ஒரு அறையில்தான் நான் எல்லோருக்கும் சமமாக இருந்தேன். பெடியன்களே ஆட்டங்களுக்குப் பெயர் வைத்தார்கள். தாங்கி, குண்டன், மீன்காரி, மலைக்கோட்டை.

அந்தப் பெட்டிகளுக்கு நினைவு கிடையாது. நிறுத்தினால் எல்லாம் முதலில் இருந்து. ஊரடங்குக்காக ஆறு மணிக்குக் கடையைப் பூட்டும்போது, கடைசிக் கட்டத்தில் நின்ற பெடியன் அழுதுகொண்டு போவான்.

ஆகவே ஒரு சட்டம் வைத்தேன். எவன் ஒரு கசெட்டைக் கடைசிவரை முடிக்கிறானோ, அவன் அதன் முதுகில் மார்க்கரால் தன் பெயரை எழுதலாம். எழுதுவார்கள். நான் வாங்கிப் பார்த்து, வாசித்தவன் மாதிரித் தலையாட்டுவேன்.

காலையில் நான் துறைமுகத்தில் இருப்பேன். கடையைத் திறப்பது புஷ்பவதி, என் மனிசி. ஒரு மணிக்கு நான் வந்ததும் அவள் குசினிக்குப் போய்விடுவாள். ஒரு நாளும் அவள் றிமோட்டைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

இரண்டாயிரத்து நாலில் கடையைப் பூட்டினேன். கசெட்டுகளைப் பழைய கட்டில்விரிப்புகளில் கட்டிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். பெட்டி சேர்ப்பதை மட்டும் விடவில்லை. ஊரைவிட்டுப் போகிறவர்கள் எறிந்தது, உடைந்தது, திருத்தியது. இப்போது பதினேழு இருக்கிறது. அலுமாரிக்கு மேலே நாலு.

கை நோகிறது.

9 செப்டம்பர், செவ்வாய்

மகள் லோஜினி கிளிவெட்டியிலிருந்து போன் எடுத்தாள். புஷ்பவதி அங்கே போய் பதினாலு மாதம். பேத்தி பிறக்கிறதற்கென்று போனவள். பிள்ளை இப்போது நடக்கிறது.

"அம்மா எப்ப வாறா?" என்று கேட்டேன்.

"அந்தக் குப்பையளை எறியுங்கோ அப்பா. எறிஞ்சா வருவா."

"அம்மாவோ சொன்னவ?"

"அவ ஒண்டும் சொல்லமாட்டா. எனக்குத் தெரியாதே? வீடு முழுக்கப் பெட்டி. மனுசர் நடக்க ஏலாது."

உண்மைதான். போகிற அன்றைக்கும் பெட்டியைப் பற்றித்தான் சண்டை. "மேசையில பெட்டி, கட்டிலுக்குக் கீழ பெட்டி" என்று தொடங்கினாள். பிறகும் ஏதோ சொன்னாள். நான் ஏதோ பகிடியாகச் சொன்னேன். அவள் பையை எடுத்தாள்.

பெட்டி பதினேழு. மனிசி ஒன்று. இதற்குக் கணக்குப் படித்திருக்கத் தேவையில்லை.

11 செப்டம்பர், வியாழன்

பழைய இரும்பு வண்டிக்காரனை மறித்தேன். ஆறு பெட்டியும் ஒரு மூட்டைக் கசெட்டும் கொடுத்தேன். மிச்சத்துக்கு நாளை மறுநாள் வரச் சொன்னேன். வண்டி சந்தி திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு வயர் வெளியே தொங்கி றோட்டில் இழுபட்டுக்கொண்டு போனது.

வீடு பெரிதாகிவிட்டது. நல்லதுக்கு இல்லை.

12 செப்டம்பர், வெள்ளி

எப்படி எழுதுவது.

காலையில் மிச்ச மூட்டையை அவிழ்த்தேன். போகப்போகிறதுதானே, ஒருக்கால் துடைத்துவிடுவோம் என்று. இருபத்தொரு வருடத்துக்குப் பிறகு வெளிச்சம் படுகிறது. முதல் கசெட்டைத் திருப்பினேன். முதுகில் எழுத்து. அப்போதுதான் யோசனை வந்தது — அடே, இப்ப எனக்கு இது வாசிக்க ஏலுமே!

கதிரையில் இருந்து ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தேன். மு-னா-ப். றி-கா-ஸ். இ-ரா-கு-ல-ன், குண்டன் கசெட்டில். பெடியன்கள் ஒவ்வொருவராக வாசலால் வருகிற மாதிரி இருந்தது. சத்தமாகச் சிரித்தேன்.

பிறகு அந்த நீளப் பெயர் வந்தது. அந்தக் காலத்தில் அதன் வடிவம் எனக்கு நல்ல பழக்கம். மிகக் கஷ்டமான கசெட்டுகளில் எல்லாம் அந்த வடிவம்தான் இருக்கும். பெடியன்களிடம் கேட்டால் எனக்கு வாசிக்கத் தெரியாதது வெளியே வந்துவிடும். இராகுலன்தான் கெட்டிக்காரன், தன் முழுப் பெயரையும் பட்டத்தோடு எழுதியிருக்கிறான் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். இரவுச் சாப்பாட்டில் புஷ்பவதிக்குச் சொல்லுவேன்: "அந்தப் பெடியன் இன்னொண்டும் முடிச்சிட்டான். மூளை எண்டால் அது மூளை. உனக்கு றிமோட்டை எந்தப் பக்கம் பிடிக்கிறதெண்டும் தெரியாது." அவள் "அப்பிடியே" என்று சொல்லி இன்னொரு அகப்பைச் சோறு போடுவாள்.

அந்தப் பெயரைக் கூட்டிப் படிக்கத் தேவைப்படவில்லை. வகுப்பில் என் பெயருக்கு அடுத்ததாக நான் எழுதிப் பழகிய பெயர். நூறு தரம் எழுதியிருப்பேன்.

புஷ்பவதி.

தாங்கியில் புஷ்பவதி. மீன்காரியில் புஷ்பவதி. இந்த மூட்டையில் மட்டும் ஐந்து.

என்ரை கண்ணுக்கு முன்னால எழுதி வைச்சிருக்கிறாள். வாசிக்கமாட்டன் எண்டு தெரிஞ்சு எழுதி வைச்சிருக்கிறாள். "எழுத்துப் படியுங்கோ, இந்தக் கடையில ஒரு பெரிய பகிடி இருக்கு" எண்டு எத்தனை தரம் சொன்னவள்! நான் கேட்டனானே?

அன்றைக்கு அவள் சொன்ன மிச்சமும் இப்போது நினைவுக்கு வருகிறது. "மேசையில பெட்டி, கட்டிலுக்குக் கீழ பெட்டி. ஒரு நாளைக்காவது இரண்டாவது றிமோட்டை என்னட்டைத் தாங்கோவன்." அதுதான் அவள் சொன்னது. நான் சொன்னது: "உனக்கு இதுகளைப் பற்றி என்ன தெரியும்?"

பெட்டிக்காக இல்லை. நான் சொன்ன இந்தச் சொல்லுக்காகத்தான் போனாள்.

ஐயோ, மற்ற மூட்டை. வண்டியிலை ஏத்தி விட்டிட்டன்.

13 செப்டம்பர், சனி

விடிய வண்டிக்காரன் வந்தான். மிச்சத்தைக் கொடுக்கவில்லை. அவனோடு நானும் வண்டிக்குப் பின்னால் நடந்து கண்டி வீதிக் கிடங்குக்குப் போனேன். சாமானை இதற்குள் உடைத்திருப்பார்களோ என்று வழி முழுக்க அவனைக் கேட்டுக்கொண்டே போனேன்.

கிடங்கு முதலாளி மேசையில் என் மூட்டையை விரித்து வைத்துக்கொண்டு இருந்தார். தாடி நரைக்கத் தொடங்கியிருக்கிறது. என்னைக் கண்டதும் எழும்பினார்.

"ரீவி கேம் அண்ணன்! உங்களுக்கென்ன விசரா? என்ட பேர இரும்புக் கிடங்கில நானே தூக்கிப் பாக்கிற மாதிரி வெச்சிட்டீங்களே!"

முனாப். கடையில் கடைசிவரை நின்று மல்லுக்கட்டுகிற அதே முனாப்.

நான் கசெட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இதில் நாலு புஷ்பவதி. எல்லாமாக ஒன்பது.

"இது ஆரெண்டு உனக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"அக்காதானே? தெரியாம?" முனாப் சிரித்தான். "நான் பள்ளிக்குக் கள்ளமடிச்சிற்று ஒரு நாள் காலையில வந்தன். அக்கா தனிய இருந்து மீன்காரி ஆடுறா. அடுப்பில என்னமோ கருகுது. ரெண்டு பேரும் முழிச்சம். அக்கா சொன்னா, 'நீ வந்தத நான் சொல்லமாட்டன், நான் ஆடினத நீ சொல்லாத.' சத்தியம் வாங்கினா. மறுகா மற்றவனுகளும் ஒவ்வொருத்தனா மாட்டினானுகள்."

"ஏன்ரா ஒருத்தனும் எனக்குச் சொல்லயில்லை?"

"சொன்னா பள்ளிக்குக் கள்ளமடிச்சது வெளிய வருமே அண்ணன்!"

நான் சொல்லிவிட்டேன், எனக்கு இப்போதுதான் வாசிக்கத் தெரியும் என்று. முனாப் தேத்தண்ணியை என் பக்கம் தள்ளினான்.

"அது எங்களுக்கு அப்பவே தெரியும். கடையில சட்டம் எழுதித் தொங்கவிட எனக்கிட்ட ஒரு பலகை தந்தீங்களே, அதில 'இராசதுரை அண்ணன் நல்லவர், முனாப் அவரவிட நல்லவன்' எண்டு எழுதி வெச்சன். ரெண்டு மாசம் தொங்கிச்சி. அக்கா பாத்துச் சிரிச்சா. அழிக்கல்ல."

தன் லொறியில் எல்லாவற்றையும் ஏற்றி வந்து வீட்டில் இறக்கினான். ஆறு பெட்டியில் ஒன்று நசுங்கிவிட்டது. மற்றது எல்லாம் சரி. இருந்து ஒரு ஆட்டம் ஆடச் சொன்னேன். "வேல கிடக்கு அண்ணன், இன்னொரு நாளைக்கு" என்று போய்விட்டான்.

14 செப்டம்பர், ஞாயிறு

போன் எடுக்கலாம். எடுத்தால் லோஜினி தூக்குவாள். இது லோஜினிக்குச் சொல்கிற கதை இல்லை.

16 செப்டம்பர், செவ்வாய்

ஏழு கடதாசி கிழித்து எட்டாவதில் எழுதியது:

'புஷ்பவதி. பகிடி விளங்கிற்று. ஒன்பதையும் வாசித்தேன். றிமோட் பிடிக்கத் தெரியாதவன் நான்தான். இரண்டாவது றிமோட் சும்மா கிடக்கிறது. எலி கடித்த இடத்தை வெட்டி ஒட்டியதால் வயர் குட்டை. இராசதுரை.'

கசெட்டுகளில் பெயரே இல்லாதது ஒன்றுதான். மலைக்கோட்டை. ஒருவரும் முடிக்கவில்லை. கடிதத்தோடு அதையும் பொதி செய்து தபால் கந்தோருக்குப் போனேன். விலாசத்தை நானே எழுதினேன்.

"என்ன ஐயா இது?" என்று முத்திரை விற்கிற பெண்பிள்ளை கேட்டது.

"கேம் கசெட்."

"பேரனுக்கோ?"

"இல்லை, மனிசிக்கு."

பிள்ளை முத்திரையைக் குத்திவிட்டு என்னை ஒருக்கால் வடிவாகப் பார்த்தது.

கசெட் அங்கே. பெட்டி இங்கே. யோசிக்கட்டும்.

19 செப்டம்பர், வெள்ளி

ஒன்றும் இல்லை.

20 செப்டம்பர், சனி

லோஜினி போன் எடுத்தாள். "அப்பா, என்ன அனுப்பினனீங்கள்? அம்மா குசினிக்குள்ள நிண்டு தனிய சிரிக்கிறா. கேட்டால் சொல்லுறா இல்லை."

"பிறகு?"

"பிறகு அழுதவ."

"வாறன் எண்டு சொன்னவவோ?"

"ஒண்டும் சொல்லயில்லை."

22 செப்டம்பர், திங்கள்

வகுப்பு. நான் சொல்வதெழுதலில் இரண்டு பிழைதான் விட்டேன். வீட்டுக்கு வந்து விளையாடவில்லை. அந்த இரண்டாவது ஆளைச் சாகக் கொடுக்க மனம் வரவில்லை.

24 செப்டம்பர், புதன்

கிளிவெட்டி இருக்கிற மூதூர்ப் பக்கத்து பஸ்கள் வருகிற நேரம் எல்லாம் இப்போது எனக்குத் தெரியும். பலகையில் எழுதியிருக்கிறது. எழுதியபடி வருகிறது இல்லை.

26 செப்டம்பர், வெள்ளி

வந்தாள். பத்தரை மணி பஸ்.

பையை வைக்கவில்லை, கேட்டாள்: "எங்க, இதை வாசியுங்கோ பாப்பம்." என் கடிதத்தையே நீட்டினாள். நான் எழுதினதை நானே வாசித்தேன், ஒரு இடத்திலும் தடக்காமல். 'தெரியாதவன் நான்தான்' என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னாள்.

"அதை இன்னொருக்கால்."

வாசித்தேன்.

"ம். பெட்டியைக் கொழுவுங்கோ."

கசெட்டை எடுத்து வாயால் ஊதிப் போட்டாள். முதலாவது றிமோட்டைக் கையில் எடுத்தாள். நான் இரண்டாவதை எடுத்தேன்.

29 செப்டம்பர், திங்கள்

மூன்று நாளும் மலைக்கோட்டைதான். வயர் குட்டை, ரீவிக்குக் கிட்ட இருந்து எனக்குக் கண் எரிகிறது. கதிரையை மாற்றிப் போட விடுகிறாள் இல்லை. என் ஆளை அவள் இருபது தரமாவது காப்பாற்றியிருப்பாள். "சும்மா நில்லாதேங்கோ, பாயுங்கோ, பாயுங்கோ! உங்களுக்கு இதுகளைப் பற்றி என்ன தெரியும்?" என்று பேச்சு வேறு.

லோஜினி வேலைக்குப் போகிறவள். பேத்தியைப் பார்க்க வேறு ஆள் இல்லை. ஆகவே வெள்ளி வருவாள், திங்கள் போவாள். அப்படித்தான் முடிவு. இன்று விடிய ஆறு மணி பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன்.

போகும்போது நாங்கள் ஏழாம் கட்டத்தில் நின்றோம். ஒருவனும் போகாத இடம். அவள் றிமோட்டில் பொத்தானை அமத்தி ஆட்டத்தை அந்த இடத்திலேயே நிற்பாட்டி வைத்துவிட்டு எழும்பினாள். "ரீவியை நிப்பாட்டுங்கோ. பெட்டியை நிப்பாட்டக்கூடாது. நான் வாறவரைக்கும் தொடக்கூடாது. தொட்டால் எனக்குத் தெரியும்."

ரீவியை நிறுத்திவிட்டேன். பெட்டியின் சிவப்பு விளக்கு எரிகிறது. சூடேறாமல் இருக்க மின்விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். எனக்குக் காற்று இல்லை, வியர்க்கிறது. வகுப்புக்குப் போகவும் பயமாக இருக்கிறது. கரண்ட் போனால் என்ன செய்வது? எல்லாம் முதலில் இருந்து.

பஸ்ஸில் இடம் பிடிக்கிற மாதிரி, அவள் கதிரையில் துவாயைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

இன்னும் நாலு நாள்.