ஜைனப்வல்லி வகுப்பில்தான் இருக்கிறாள்

அனுப்புநர்:
பெ. கனகவல்லி,
ரயில்வே குவார்ட்டர்ஸ், லாலாகுடா,
செகந்திராபாத்.

பெறுநர்:
மாவட்டக் கல்வி அதிகாரி அவர்கள்,
ஹைதராபாத்.

பொருள்: பள்ளியில் மாற்றப்பட்ட என் மகளின் பெயரைத் திருத்தி, அவளைப் பரீட்சை எழுத அனுமதிக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் பெருமாள் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். எங்கள் மகள் ஜைனப்வல்லி பத்தாம் வகுப்பில் படிக்கிறாள். இவ்வாண்டு புதிதாக வந்த தலைமையாசிரியர் திரு. ரகுநாதன் அவர்கள், இப்படி ஒரு பெயர் இருக்காது என்று தாமாகவே முடிவு செய்து, வருகைப் பதிவேட்டில் ஜெயவல்லி என்று மாற்றிவிட்டார். அந்தப் பெயரைக் கூப்பிட்டால் என் மகள் பதில் சொல்வதில்லை. முதல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவளுக்கு ஜூன் மாதத்திலிருந்து ஆப்சென்ட் போடுகிறார்கள். இப்போது வருகை போதவில்லை, பரீட்சைக்கு அனுப்ப முடியாது என்கிறார்.

2. பெயர் வந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். இவளுக்கு முன் பிறந்த இரண்டு குழந்தைகள் எனக்குத் தங்கவில்லை. அப்படிப்பட்ட வீட்டில் அடுத்த குழந்தையை ஒரு பிடி தவிட்டுக்குப் பிறரிடம் விற்று, உடனே திரும்பப் பெற்றுக்கொள்வது எங்கள் வழக்கம். வாங்கியவர் வைப்பதுதான் பெயர். அடுத்த வீட்டு ஜைனப் பீ எருமை வளர்த்ததால் அவரிடம் தவிடு இருந்தது. கொடுத்தார், குழந்தையை வாங்கிக்கொண்டார்.

3. இது வெறும் சடங்கு என்பது அவருக்குத் தெரியாது. சொல்ல வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை. பிள்ளையில்லாத அவர், நிஜமாகவே கொடுத்துவிட்டோம் என்று நம்பிவிட்டார். நான் போய்க் கேட்டபோது, குழந்தைக்குப் பச்சைச் சட்டை போட்டு மடியில் வைத்திருந்தார். அவர் அழுதார், நானும் அழுதேன். கடைசியில் "ஆதா நாம் மேரா, ஆதா தேரா" என்று சொல்லி என் கையில் கொடுத்தார். அப்படியே வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்து வாங்கிக்கொண்டேன். பெயரில் பாதி அவர், பாதி நான். அர்த்தம் கேட்பவர்களுக்கு இதுதான் அர்த்தம்.

4. போனால் போகட்டும், ஒரு பெயர்தானே என்கிறார் என் கணவர். ஜெயவல்லி லட்சணமான பெயர் என்கிறார் தலைமையாசிரியர். இருக்கட்டும், அவர் வீட்டுப் பெண்ணுக்கு வைத்துக்கொள்ளட்டும். ஜைனப் பீக்கு நான் கொடுத்த வாக்கில் கைவைக்க அவருக்கும் உரிமையில்லை, எனக்கும் இல்லை.

5. ஆகவே தாங்கள் பழைய பெயரையே எழுதச் செய்து, விழுந்த ஆப்சென்ட்டுகளை நீக்கி, பரீட்சைக்கு அனுமதி வழங்க உத்தரவிட வேண்டும். பதில் வராவிட்டால் நாங்கள் இருவரும் தங்கள் அலுவலக வாசலில் வந்து நிற்போம். எனக்குத் தெலுங்கு எழுத வராது. மொழிபெயர்ப்பை என் மகளே எழுதி, தன் பெயரையும் போட்டிருக்கிறாள். அதையும் இணைத்துள்ளேன்.

இடம்: லாலாகுடா
நாள்: 18-12-1974

இப்படிக்கு,

பெ. கனகவல்லி (கையொப்பம்)
தாய்

ஜைனப் பீ (இடது பெருவிரல் ரேகை)
தாய்