எந்தச் சுகமில்லை

08.06.2025 ஞாயிறு
பிள்ளையார் கோயிலில் கொடியேற்றம். நான் வீட்டில். நாலு வருடத்துக்கு முன் நின்றுபோனது நேற்றுத் திரும்ப வந்துவிட்டது. ஐம்பத்தாறு வயதில் இது என்ன கூத்து? நேர்ந்துவைத்த விரதமும் போச்சு. கூப்பிட வந்த மச்சாள் மகாதேவியிடம் சுகமில்லை என்றேன். மாதத் துடக்கு என்று விளங்கிக்கொண்டாள். "என்னடி, இளமை திரும்புதோ?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

11.06.2025
நிற்கவில்லை. பிள்ளையாருக்கு என்னில் என்ன கோபமோ.

13.06.2025 வெள்ளி
எங்கள் பின்வீட்டில் வாடகைக்கு இருக்கும் சுபாஜினியின் குழந்தையை நிறுக்க மிட்வைஃப் தர்சினி வந்தாள்.
"திருவிழாவுக்குப் போகேல்லையே அன்ரி?"
"சுகமில்லை பிள்ளை."
"எந்தச் சுகமில்லை?"
இப்படி ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. கூச்சத்தோடு சொன்னேன். அவள் தராசைக் கீழே வைத்தாள்.
"உதைத் துடக்கெண்டு நினைச்சுக்கொண்டு இராதேங்கோ. ஏதும் நோய் வருத்தமாயும் இருக்கலாம். திங்கக்கிழமையே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ."
"அண்டைக்குத் தேரெல்லோ?"
"தேர் அடுத்த வருசமும் வரும் அன்ரி."
கோபம்தான் வந்தது. அதற்குள் நின்றுவிட்டால் தேராவது பார்க்கலாம் என்றிருந்தேன். முன்பும் பெண்களைச் சோதித்துப் பார்க்கும் சுகவனிதையர் கிளினிக்குக்கு வரச்சொல்லி இரண்டு தரம் துண்டுச்சீட்டுத் தந்தார்கள். வெட்கத்தில் போகவில்லை.

14.06.2025
துடக்கு என்று அம்மாவின் படத்துக்கு இன்றும் விளக்கேற்றவில்லை. சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மாவும் ஒரு வருடம் தேருக்குப் போகவில்லை. அறுபது வயது. சுகமில்லை என்றுதான் சொன்னா. இந்த வயதில் துடக்கோ என்று நாங்கள் பகிடி பண்ணினோம். அடுத்த தேருக்கு அம்மா இல்லை. வயிற்றுக்குள் ஏதோ கட்டி என்றார்கள்.

ஐயோ, என்ரை அம்மா. ஆரும் ஒரு சொல்லுக் கேட்டிருந்தா — நான் கேட்டிருந்தா?

16.06.2025 திங்கள்
தேர். நான் ஆஸ்பத்திரி வரிசையில். இவர் பக்கத்தில் தண்ணீர்ப் போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

09.07.2025
புற்றுநோய்தான். கர்ப்பப்பையில். ஆரம்பத்திலேயே வந்துவிட்டீர்கள், எடுத்துவிடலாம் என்றார் டொக்டர். எனக்குப் பயமாக இருக்கிறது. இவர் கிணற்றடியில் நின்று அழுததைப் பார்த்தேன். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

06.08.2025
எடுத்தாயிற்று. நோகிறது.

25.10.2025 சனி
கந்தசஷ்டி நாலாம் நாள். மெல்ல நடந்து கோயிலுக்குப் போனேன். மகாதேவியைக் காணவில்லை. ஒரு சஷ்டியும் விடாதவள். திரும்பும்போது அவள் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே மறித்தாள்.

"கிட்ட வராதை, கோயிலால வாறாய். எனக்குச் சுகமில்லை."

அவளுக்கும் என் வயதுதான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் அவளுடைய கையைப் பிடித்தேன்.

"எந்தச் சுகமில்லை?" என்று கேட்டேன்.