ஒன்பதாம் எண் ஆமை

மயிலாடும்பாறை

அன்பு இம்மானுவேலுக்கு,

கருத்தக்கண்ணன் எழுதுகிறேன். ஆபரேஷனுக்குப் பிறகு நீ தலையணையில் சாய்ந்து உட்காருகிறாய் என்று உன் மகள் மகிமா சொன்னாள். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் பாடக்குறிப்பு போல வரிசைப்படுத்திக்கொண்டேன்.

1. தீ.
2. ஆமைகள்.
3. ஊராரின் அறியாமை.
4. உன்னிடம் ஒரு கேள்வி.

நாம் வனத்துறையோடு சேர்ந்து, வருடாவருடம் நட்சத்திர ஆமைகளைக் கொண்டுபோய் விட்ட கரட்டுக் குன்று முழுவதும் எரிந்துவிட்டது. காய்ந்த புல், அணைக்கப் போனவர்கள் பாதி ஏறுவதற்குள் தீ உச்சிக்குப் போய்விட்டது.

சில ஆமைகள் வெந்துபோயின. ஆனால் பாறை இடுக்குகளில் இருந்தவை பிழைத்தன. தண்ணீர் தேடித் தோட்டங்களுக்கு இறங்கின. மகிமாவின் நகப்பூச்சால் நீ எழுதிய எண்கள் ஓட்டில் அப்படியே இருந்தன. அன்றே உனக்கு எழுதியிருக்கலாம். எதையும் உறுதி செய்துகொண்டு எழுதுவதுதானே என் வழக்கம், காத்திருந்தேன்.

அதற்குள் ஊரார் அவற்றை எடுத்துக் கிணறுகளில் விட்டுவிட்டார்கள். தரை ஆமைக்கு நீரில் பிழைக்கத் தெரியாது என்பது நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. செத்து மிதந்த பிறகுதான் எனக்குச் செய்தி வந்தது. மொக்கம்மாளின் தோட்டத்துக்குப் போய், என் வாழ்வில் முதல்முறையாகச் சத்தம் போட்டேன். அவள், "வீட்டுக்குள்ள வந்தா ஆகாது, அடிச்சு வெரட்டுன்னு எங்க அத்தை சொன்னாக. எனக்குத்தான் மனசு கேக்கல சார். பச்சப்பிள்ளையத் தூக்குற மாதிரில்ல மடியில கட்டிட்டுப் போயி விட்டேன்" என்றாள்.

கிணற்றுப் படியில் ஒதுங்கிக் கிடந்த ஒன்பதாம் எண் மட்டும் உயிரோடு இருக்கிறது. அனுமதி வாங்கி என் கொல்லையில் வைத்திருக்கிறேன். கள்ளிப்பழம் வைத்தாலும் முகம் திருப்பிக்கொள்கிறது. இனி விடுவதற்கு வேறு ஆமைகள் இல்லை என்று வனத்துறை சொல்லிவிட்டது. மழை வந்ததும் இதைக் கரட்டில் விடட்டுமா? தனியாகப் போய் அது யாரைத் தேடும்? அல்லது நீ எழுந்து நடக்கும்வரை வைத்திருக்கவா? உன் கர்த்தர் அதற்குள் உன்னை நடக்கவைக்கட்டும்.

கடைசியாக ஒன்று. மூன்றாவதாக எழுதியிருக்கும் தலைப்பு தவறு. தீ அணைந்ததும் ஊர்க்கூட்டத்தில் என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். சீக்கிரம் முடித்துவிடத்தான் நினைத்தேன். "ஆமைகளைக் கண்டால் தண்ணீர் கொடுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டேன். தட்டில் ஊற்றி வைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அன்று தோட்டத்தில் மொக்கம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "தண்ணி குடுங்கன்னு நீங்கதான சார் சொன்னீக?"

உன்,
கருத்தக்கண்ணன்